பட்டத்துக்குப் பின் வரும் சான்றிதழ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியலில் பட்டம் பெற்ற என் தங்கை மகள், அமெரிக்காவில் ‘சைட்டோடெக்னாலஜி’ (உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோய் அறியும் துறை) சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா என்று கேட்டபோது, “டிகிரி முடிச்சிட்டு மறுபடியும் சர்டிபிகேட்டா?” என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த வேலையையே 22 ஆண்டுகள் பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால், இதை எழுதுகிறேன்.

சான்றிதழ் என்றாலே மேற்படிப்புக்கு வழியில்லாதவர்கள் சேரும் குறுகிய காலப் பயிற்சி என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சான்றிதழ் பெரும்பாலும் பட்டதாரிகளுக்கானது. அறிவியல் படித்தவர்களும், ஏற்கெனவே மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்துகொண்டே துறை மாற விரும்புபவர்களும் ஏறத்தாழ ஓராண்டு இதைப் படிக்கிறார்கள். அங்குள்ள கல்வி நிலையங்கள் பலவும் இப்போது இதை முதுநிலைப் பட்டமாக உயர்த்தி வருகின்றன. நான் வந்த வழி வேறு. இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று வேலையில் சேர்ந்து, மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்று, பிறகு அனைத்துலக உயிரணுவியல் கழகத்தின் தேர்வை எழுதினேன்.

கற்பது என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு பாப் ஸ்மியர் தகட்டை, அதாவது கருப்பைவாய்ப் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்க அங்கிருந்து எடுத்த உயிரணுக்களைப் பூசிய கண்ணாடித் தகட்டை, காட்டினால் போதும். 1920களில் ஜார்ஜ் பாப்பனிகொலாவு தொடங்கிவைத்த ஆய்வின் வழிவந்த சாயத்தில் உயிரணுக்கள் இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாகத் தெரியும். அவற்றின் உட்கருக்கள் கருநீலப் புள்ளிகளாக இருக்கும். தகட்டை இம்மியும் விடாமல் வரிவரியாக நகர்த்திக்கொண்டே போகையில், ஆயிரக்கணக்கான உயிரணுக்களுக்கு நடுவே ஒன்றின் உட்கரு மட்டும் பெருத்து, கறுத்து, ஓரம் நெளிந்து நிற்கும். அதன் அருகே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நோய்க்கூற்றியல் மருத்துவரின் மேசைக்கு அனுப்புவோம். சந்தேகத்துக்கு இடமில்லாத தகடுகளோ பல நாடுகளில் மருத்துவரிடம் போவதே இல்லை. ‘இயல்பு’ என்னும் முடிவு எங்கள் கையெழுத்தோடு நோயாளியைச் சேர்ந்துவிடும். கண் அயர்ந்தால் பிழை நேரும் என்பதால்தான், 24 மணி நேரத்தில் ஒருவர் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் வரம்பிட்டிருக்கிறது. (அந்த எண்ணிக்கையே அதிகம் என்பது என் கருத்து.)

இதில் சேர நினைப்பவர்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. சிங்கப்பூரில் 2019 முதல் 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி பரிசோதனையே பரிந்துரைக்கப்படுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் பாப் ஸ்மியர் 25 முதல் 29 வயதினருக்கு என்றாகிவிட்டது. ஆகவே கருப்பைவாய்த் தகடுகளை மட்டும் நம்பி இத்துறைக்கு வருவது புத்திசாலித்தனமாகாது. ஆனால் கழுத்துக் கட்டியில் ஊசி செலுத்தி எடுத்த மாதிரியைச் சில நிமிடங்களில் சாயமேற்றிப் பார்த்து, “போதும் டாக்டர்” என்றோ “இன்னொரு முறை எடுங்கள்” என்றோ சொல்வதற்கு ஆள் வேண்டும். சிறுநீர், சளி, நுரையீரலைச் சுற்றிக் கட்டும் நீர் ஆகியவற்றின் மாதிரிகளும் குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கின்றன.

எனவே, எந்த நாட்டுப் படிப்பானாலும், ஊசி மாதிரிகளில் எத்தனை வாரப் பயிற்சி தருகிறார்கள், முடித்ததும் எந்தத் தேர்வை எழுதத் தகுதி கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டும்படி தங்கை மகளிடம் சொல்லியிருக்கிறேன். தங்கள் கல்விப் பக்கத்தில் இத்தகைய ஆய்வுக்கூடப் படிப்புகளைப் பற்றியும் எழுதினால், பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
உட்லண்ட்ஸ்