செயலாளரின் ஆண்டறிக்கை: 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் தெருச் சங்கத்தின் செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். சாக்கடை அடைப்புக்கு மூன்று மனு கொடுத்தும், தெருமுனையில் மட்டுமே வேலை முடிந்தது.

அடுத்து, நம் தெருப் பிள்ளைகள் 26 பேரைத் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனது. "சங்கத்துக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தினமும் ஐந்து வேளை பாங்கு நம் வீட்டு ஜன்னல் வழியாக வருகிறது. இருந்தும் அந்த 26 பேரில் 19 பேர் பள்ளிவாசலுக்குள் கால் வைத்ததே இல்லை. பத்து நிமிட நடைதான்.

முன்கூட்டியே அனுமதி வாங்கி, தொழுகை இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "சாமி எங்கே?" என்று கேட்டான். எனக்குப் பதறியது. எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவர் அவனைப் பக்கத்தில் அழைத்து, இங்கே உருவம் வைப்பதில்லை, மக்காவின் திசையைப் பார்த்து நின்று தொழுவோம் என்று நிதானமாக விளக்கினார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு முறையையும் காட்டினார். பிள்ளைகளும் தாங்களாகவே முழங்கை வரை கழுவிப் பார்த்தார்கள்.

ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795இல் கட்டிய இந்த வாலாஜா பள்ளிவாசல் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். மரமும் இரும்பும் சேர்க்கவில்லை. மக்காவின் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு மேலே உள்ள பாரசீகக் கல்வெட்டை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. அதில் எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும் என்றதும் பிள்ளைகள் அங்கேயே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள். முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் அடக்கமான இடத்தையும் பார்த்தோம். ரமலானில் இங்கே நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள் சிந்தி இந்துத் தொண்டர்கள் என்று பெரியவர் சொன்னபோது, எனக்கே அது புதுச் செய்தி.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பொதுக்குழுவில் இதற்குக் கை தூக்கியவர்கள் பலர். அன்று காலை பிள்ளைகளுடன் நடந்து வந்த பெரியவர்கள் நான்கே பேர். நான்கு வீடுகளில் கடைசி நேரத்தில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை நேரில் சொல்லியிருந்தால் பேசியிருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு குறைவு. 112 வீடுகளில் 47 வீடுதான் சந்தா கட்டியிருக்கிறது. பள்ளிவாசல் போய்வந்த செலவு பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டுமே. பேரீச்சம்பழம் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது.

அனுமதி தந்த பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கூட நடந்த நால்வருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பார்த்தசாரதி கோயிலுக்கும் சாந்தோம் தேவாலயத்துக்கும் இதே பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்புவதாகப் பெற்றோர் சிலர் சொல்லியிருக்கிறார்கள். செயலாளராக யார் வந்தாலும் சரி, கூட நடக்க இன்னும் பத்துப் பேராவது வேண்டும். பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது; ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்