ஏழரை லட்சத்தில் நின்றுபோன கோடு: வங்கியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் உறுப்பினர்களுக்கும், அதன் கூட்டங்களில் அமரும் மாநில அரசின் நிதித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பரிந்துரைக் கடிதம் வாங்கப் பழைய மாணவர்கள் இன்றும் வீட்டுக்கு வருகிறார்கள். சில ஆண்டுகளாகக் கடிதத்தோடு இன்னொன்றும் கேட்கிறார்கள்: "ஐயா, பேங்குக்கு ஒரு நாள் எங்களோடு வர முடியுமா?" நானும் போகிறேன். அங்கே பெஞ்சில் காத்திருந்த நேரங்களில் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு ஒரு மாணவிக்கு ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா மினி பஸ் ஓட்டுநர், அம்மா தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. நான்கு ஆண்டுகளிலும் ஒரு தாளில்கூடத் தவறாத பெண். இடம் கிடைத்தது அரசு நடத்தும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றில். அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு சில இடங்களும் இப்போது வாங்கத் தொடங்கியிருக்கின்றன. இவளுக்குக் கிடைத்த இடத்தில் பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும்தான்.

அப்படியானால் பணம் எதற்கு? விசாவுக்கு. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகை முழுவதையும் மாணவர் பெயரில் முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுன்ட் என்று மாணவர்கள் சொல்லும் முடக்கக் கணக்கு அது. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று கணக்கிட்டாலே ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் அது அவளுக்கே திரும்பி வரும். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

இந்த 12 லட்சத்துக்காகத்தான் அந்தக் குடும்பம் கல்விக்கடன் கேட்டது. கிளையின் பெயரையோ மேலாளரின் பெயரையோ எழுதப் போவதில்லை. அவர் கெட்டவர் அல்லர். எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது சார்" என்றார். விதி அவர் சொன்னபடிதான் இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பெற்றோர் கையெழுத்து போதும், 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும், அதற்கு மேல் சொத்து வேண்டும்.

சொத்து இருந்தது. இரண்டு சென்ட் நத்தம் நிலத்தில் ஓர் ஓட்டு வீடு. பட்டா தாத்தா பெயரில். தாத்தா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வாரிசுச் சான்று வாங்கி, இரண்டு அத்தைகளிடமும் ஒரு சித்தப்பாவிடமும் கையெழுத்து வாங்கி, பட்டா மாற்றி, வில்லங்கச் சான்று எடுத்து, வங்கி வழக்கறிஞரின் கருத்தும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் பெற வேண்டும். சித்தப்பா திருப்பூரில் இருக்கிறார். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆவணங்கள் ஒருவழியாகச் சேர்ந்தபோது வந்த மதிப்பீடு ஆறு லட்சத்தைத் தாண்டவில்லை. அதற்குள் அங்கே அக்டோபர் பருவம் தொடங்கிவிட்டது, இடமும் போய்விட்டது. வெளிநாட்டுப் படிப்புக்குக் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டிய 15 விழுக்காட்டுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த பணம் வட்டியோடு திரும்ப அடகுக் கடைக்கே போனது.

அந்த ஏழரை லட்சம் என்ற வரம்புக் கோடு பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். 2017இல் இதே முடக்கக் கணக்குக்கு ஜெர்மனி கேட்ட தொகை 8,640 யூரோ. அந்த ஆண்டு சராசரியாக யூரோ 75 ரூபாய்க்கும் கீழே இருந்தது. பெருக்கிப் பாருங்கள், ஆறரை லட்சத்துக்குள் அடங்கிவிடும். அன்று இதே பெண் வந்திருந்தால் மூன்றாம் நபர் ஜாமீன் போதும், நானே போட்டிருப்பேன். என் ஓய்வூதியச் சான்றைக் காட்டிக் கையெழுத்திட்டுவிட்டு அன்று மாலையே வீடு திரும்பியிருப்பேன். இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனி தொகையை உயர்த்தியது, ரூபாய் சரிந்தது. உங்கள் கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கல்விக்கடன்களுக்காக மத்திய அரசு 2015இல் கொண்டுவந்த கடன் உத்தரவாத நிதியும் அதே ஏழரை லட்சத்தோடு நின்றுவிடுகிறது. 2024 நவம்பரில் வந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது; ஆனால் அது உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

சில பொதுத்துறை வங்கிகள் குறிப்பிட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிட்டு, அங்கே இடம் பெற்றவர்களுக்குப் பிணையில்லாமல் பெருந்தொகையே கொடுக்கின்றன. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் உலகத் தரவரிசையை வைத்துப் போடப்படுபவை. ஜெர்மனியின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் அந்தத் தரவரிசைகளில் இடம்பெறுவதே அரிது. அவை ஆராய்ச்சிக் கட்டுரைகளால் பெயர் வாங்கும் இடங்கள் அல்ல. தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர்களை உருவாக்கும் இடங்கள். எங்கள் மாணவர்களுக்கு வேண்டியதும் அதுதான். கட்டணமே இல்லாத படிப்புக்குப் பிணை கேட்கிறோம், 40 லட்சம் கட்டணம் கேட்கும் படிப்புக்குப் பெயரைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

உதவித்தொகைக்கு முயலக் கூடாதா என்று கேட்பீர்கள். முயன்றோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பத்து மாணவர்களுக்கானது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொல்லிவிட்டார்கள். பழங்குடியினருக்குத் தனியாக உள்ள திட்டத்தில் 20 இடங்கள். இந்த மாணவி பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். இரண்டிலும் விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவித்தொகைகளில் சிலவற்றுக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது உங்கள் கிளையின் வாசலில்தான். அங்கேயும் கதவு சாத்தியிருந்தால் பிணை கேட்காத தனியார் நிதி நிறுவனங்களுக்குப் போகிறார்கள். வட்டி அங்கே கூடுதல். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டி கட்டச் சொல்கிறார்கள். ஓட்டுநர் சம்பளத்தில் அது எங்கிருந்து வரும்?

திரும்பி வராத கல்விக்கடன்கள் உங்களிடம் இருக்கின்றன என்பதும், அவற்றைக் கேட்டு மேலதிகாரிகள் கிளை மேலாளர்களைத் துளைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் இந்த ஒரு வகைக் கடனைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தை யாரும் ஒரே நாளில் செலவழித்துவிட முடியாது. விசா வரும்வரை அது கணக்கிலேயே கிடக்கும். விசா கிடைக்காவிட்டால் அந்தத் தொகை நேராகக் கடன் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி எழுதி வாங்குங்கள். விசா கிடைத்தால் மாதத்துக்கு 992 யூரோதான் கையில் வரும். ஆறாவது மாத முடிவிலும் பாதித் தொகை அங்கேயே இருக்கும். 2024 முதல் அந்நாட்டுச் சட்டம் வெளிநாட்டு மாணவர்களை ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதிக்கிறது. படித்து முடித்தபின் வேலை தேட 18 மாத வசிப்பு அனுமதியும் உண்டு. முதலாண்டைக் கடந்துவிட்ட மாணவர் இரண்டாம் ஆண்டுக்கு உங்களிடம் பெரும்பாலும் வருவதில்லை. வங்கிக்கு இதைவிடப் பாதுகாப்பான வெளிநாட்டுக் கல்விக்கடன் எது என்று எனக்குத் தோன்றவில்லை.

மாதிரித் திட்டத்தின் வரம்புக் கோட்டை நீங்கள் நகர்த்த முடியாது என்பதை அறிவேன். ஆனால் அது வழிகாட்டுதல்தான். பட்டியலிட்ட பல்கலைக்கழகங்களுக்காக வங்கி நிர்வாகங்கள் அதை ஏற்கெனவே தளர்த்தியிருக்கின்றன. கட்டணமில்லா அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, முடக்கக் கணக்குக்காக மட்டும் கடன் கேட்பவர்களுக்கும் அதே தளர்வைத் தர வேண்டும் என்று உங்கள் குழு பரிந்துரைக்கலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் விழும் தொகைக்கு மாநில அரசு உத்தரவாதம் தரலாம். நிதித் துறை அதிகாரிகளே, இதற்காக இன்று கருவூலத்திலிருந்து அந்தத் தொகையை எடுத்து வைக்க வேண்டியதில்லை. கடன் திரும்பாமல் போனால் மட்டுமே அரசு பொறுப்பேற்கும். அப்படிச் செய்தால் அத்தைகளின் கையெழுத்தையும் சித்தப்பாவின் கோபத்தையும் நம்பி ஒரு பெண்ணின் படிப்பு நிற்காது.

இன்னொன்றையும் கேட்கிறேன். விண்ணப்பத்தின் மீது 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும், அடுத்த நிலை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எங்கள் பகுதியில் மறுப்பு எழுத்தில் வருவதே இல்லை. "முடியாது சார்" என்று வாயால் சொல்லப்படுகிறது, கோப்பு பதிவேட்டில் ஏறாமலேயே கைக்குத் திரும்பி வருகிறது. அதனால் உங்கள் காலாண்டு அறிக்கைகளில் இந்த மாணவி எந்த எண்ணிலும் இல்லை. மறுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளை மாணவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஓசூரில் ஓர் ஆலையில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீண்டும் விண்ணப்பிக்கிறாள். அங்கே பல பல்கலைக்கழகங்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. அதற்கு முன் உங்கள் குழுவின் காலாண்டுக் கூட்டம் ஒன்று நடக்கும். அதன் பொருள் நிரலில் இந்தக் கோரிக்கையைச் சேருங்கள். என்னை அழைத்தால் வந்து பேசுவேன். அவளுடைய கோப்பை, தாத்தாவின் பட்டா நகல் முதல் மதிப்பீட்டாளர் அறிக்கை வரை, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்