மாடல் கார் கட்டும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், அங்கேயாவது படிக்கட்டும்.

வழக்கம்போல மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டங்கள் மேற்கு மாம்பலத்தில், தலைவர் வீட்டு மாடி அறையில் நடந்தன. டிசம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் ஃபெஞ்சல் புயலால் நடக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஏர்பிரஷ், கம்ப்ரசர் உட்பட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பள்ளி ஒன்றில் கண்காட்சி வைத்தோம். பிள்ளைகள் ரசித்தார்கள், இரண்டு பக்கக் கண்ணாடிகள் உடைந்தன. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய வண்டிகளின் டாஷ்போர்டு, ஹப் கேப் முதலியவற்றைப் படம் எடுத்து வந்தோம். கட்டாமல் வைத்திருக்கும் மாடல் கார்ப் பெட்டிகளை (கிட்) மாற்றிக்கொள்ளும் நாள் ஒன்று நடந்தது.

இனி ஆண்டின் முக்கியப் பணி. மாடல் கார்களுக்கு ஒயிட்வால் டயர் பெயின்ட் அடிப்பதை, அதாவது டயரின் பக்கவாட்டில் வெள்ளை வளையம் போடுவதை, ஆண்டு முழுவதுக்குமான செயல்திட்டமாக நான் முன்வைத்தபோது, “ஒரு வருஷம் முழுக்க டயரா?” என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதற்கு அன்று சொன்ன பதிலையே விரிவாகச் சொல்கிறேன்.

நம் அலமாரியைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஐம்பதுகளின் அமெரிக்க வண்டிகள். பாடிக்கு லாக்கர் பெயின்ட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட்டு, அதன் மேல் பாலிஷ் என்று மாதக்கணக்கில் மெனக்கெடுகிறோம். டயர் மட்டும் பெட்டியில் வந்த கறுப்பு வினைல், அப்படியே. 1959 இம்பாலாவைக் கறுப்பு டயரில் நிறுத்தினால், பட்டு வேட்டி கட்டியவர் காலில் ரப்பர் செருப்பு போட்ட மாதிரி இருக்கிறது.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது என்பதால் ஜூன் மாதம் அதையும் பேசினேன். ரப்பர் இயல்பிலேயே வெளிர் நிறம். துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் ஆரம்பகால டயர்கள் இன்னும் வெள்ளையாக இருந்தன. தேய்மானம் தாங்குவதற்காகக் கார்பன் கறுப்பு சேர்க்கத் தொடங்கியபோது, சில டயர்களில் தரையில் படும் பகுதிக்கு மட்டும் அதைச் சேர்த்தார்கள். பக்கவாட்டு வெள்ளையாகவே நின்றது. பிறகு முழுக் கறுப்பு டயர்கள் பரவலாகிவிட, பக்கத்தில் வெள்ளை வைப்பது பணக்கார அலங்காரம் ஆனது. நிஜ டயரில் அது பெயின்ட் அல்ல, உள்ளே வைத்த வெள்ளை ரப்பர் அடுக்கு. மேலே உள்ள கறுப்பைத் தேய்த்தெடுத்து வெளியே கொண்டுவருவார்கள். விளிம்பு கத்தி வெட்டியது போல நிற்பதற்குக் காரணம் இதுதான். நாமும் அந்த விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். (நம் ஊர்ப் பெருமையும் ஒன்று. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்துதான் ஆரம்பித்தது. அவர்கள் பொம்மையிலிருந்து டயருக்குப் போனார்கள், நாம் டயரை வைத்துப் பொம்மை செய்கிறோம்.)

செய்முறைக்கு வருகிறேன். முதலில் டயரைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய் மேலே இருக்கும் வரை எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. அடுத்து, வினைலின் மேல் நேரடியாக எனாமல் வேண்டாம். வினைலை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியே கசிந்து எனாமலைக் காயவே விடாது. சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டில் அடித்த டயர் ஒன்று தீபாவளிக்கும் விரலில் ஒட்டியது. பிரைமர் லேசாக ஒரு கோட்டு, அதன் மேல் மெல்லிய அக்ரிலிக் பல கோட்டுகள் என்பதே கூட்டத்தின் அனுபவம். துணிக்கு அடிக்கும் அக்ரிலிக்கையும் முயன்றோம். டயரை வளைத்தாலும் வெடிக்கவில்லை, ஆனால் சற்று மேடாக நிற்கிறது. பளீர் வெள்ளையும் வேண்டாம். ஒரு சொட்டு தந்த நிறம் கலந்தால்தான் ரப்பர் போல இருக்கும்.

வட்டத்துக்குத்தான் சங்கம் ஒரு மோட்டார் வாங்கியது. ரிச்சி தெருவில் 12 வோல்ட் கியர் மோட்டார், வேகத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், பழைய அடாப்டர். மோட்டார் அச்சில் ரப்பர் கார்க்கைச் செருகி அதில் டயரை மாட்டுகிறோம். டயர் மெதுவாகச் சுற்றும். கை அசையக் கூடாது. மணிக்கட்டைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு, பிரஷ் நுனியை வளையத்தின் நடுவில் தொட்டு, மெல்ல விளிம்பு நோக்கி நகர்த்த வேண்டும். கோடு தானாக விழும். வழிந்த இடத்தைத் தின்னரில் தோய்த்த பல்குத்தும் குச்சியை வைத்து, டயர் சுற்றும்போதே துடைக்கலாம். வீட்டு டிரில்லில் மாட்டலாமே என்றார்கள். ஒருவர் மாட்டினார். அந்த அறைச் சுவரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அகலம் பற்றிய தகராறையும் இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அது வெளியே வேறு மாதிரி பேசப்படுகிறது. ஐம்பதுகளின் கடைசி வரை வெள்ளை அகலமானது. இரண்டரை அங்குலம் என்று வைத்தால் 1:25 அளவில், அதாவது நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கில், இரண்டரை மில்லிமீட்டர். 1962 மாடல்கள் வந்தபோது அமெரிக்காவில் அது சுமார் ஓர் அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. நமக்கு ஒரு மில்லிமீட்டர். அகல வளையம் ரிம்மை ஒட்டியே தொடங்குவதால் ஒரு விளிம்பைப் பிடித்தால் போதும். மெல்லிய வளையத்துக்கு உள்ளேயும் கறுப்பு, வெளியேயும் கறுப்பு; இரண்டு விளிம்பு. கஷ்டம் என்பதற்காக 1964 இம்பாலாவுக்கு அகல வளையம் போட்டுக்கொண்டு வந்தால், நன்றாக இருக்கிறது என்று கைதட்டலாம். போட்டியில் பரிசு கொடுக்க முடியாது. அதைத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அந்த உறுப்பினர் குழுவை விட்டு வெளியேறியது அவர் முடிவு. அவருடைய பெயின்ட் அடிக்கும் கை நம்மில் பலருக்கு வராது என்பதையும் இதே அறிக்கையில் எழுதுகிறேன். அவர் திரும்ப வந்தால் நாற்காலி இருக்கிறது.

வருகைப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுபவர்களை நம்பித்தான் போண்டா சொல்கிறோம். காலையில் பாதிப் பேர் வருவதில்லை. மீதிப் போண்டாவைத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மார்ச் மாதம் நான்கு டயரையும் முடித்துக் காட்டிய அன்று வந்தவர்கள் தலைவர், பொருளாளர், நான், அப்புறம் தவறான மாடிக்கு ஏறி வந்த கூரியர் தம்பி. அவர் நன்றாக இருக்கிறது என்றார்.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. தணிக்கை செய்த தாள் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். மோட்டாரை ஏன் “இதர செலவுகள்” தலைப்பில் எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேறு எந்தத் தலைப்பில் எழுதுவது? டயர் என்று ஒரு தலைப்பு நம் பேரேட்டில் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்கச் சொல்லிச் செயற்குழுவில் யோசனை வந்தது. வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார், அவரைச் சங்கடப்படுத்துவது முறையல்ல.

நன்றிகள். மாடி அறையை வாடகையின்றித் தந்த தலைவருக்கும், தின்னர் வாடையைப் பொறுத்துக்கொண்ட அவர் இல்லத்தாருக்கும், பொருளாளருக்கும், புதுப்பேட்டையில் படம் எடுக்க அனுமதித்த கடைக்காரர்களுக்கும், போண்டா மாஸ்டருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தலைவர் வீடு ஜூலைக்குப் பிறகு இடிக்கப்பட்டு அடுக்குமாடியாகப் போகிறது. புரமோட்டரிடம் கையெழுத்து ஆகிவிட்டது. அலமாரி, கம்ப்ரசர், மோட்டார் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். வாடகை கொடுக்கும் நிலையில் சங்கம் இல்லை. அசோக் நகரிலும் நங்கநல்லூரிலும் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் மேல் போர்ஷன் பூட்டியே கிடக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். யாரையும் நான் கேட்கவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். தரைத்தளமாக இருந்தால் மூத்த உறுப்பினர்களுக்குச் சௌகரியம், ஜன்னல் இருந்தால் தின்னருக்கு நல்லது.

செயலாளர் பொறுப்புக்கும் இன்று தேர்தல். எனக்கு வேலை அதிகம், முதுகும் சரியில்லை. வேறு யாராவது முன்வந்தால் சாவியையும் குறிப்பேட்டையும் சந்தோஷமாகத் தருகிறேன். யாரும் வராவிட்டால் அதைப் பிறகு பேசுவோம். அம்பாசடருக்கு ஒயிட்வால் போடலாமா என்ற விவாதம் வேறு பாதியில் நிற்கிறது. அதற்கு 1:43 அளவில் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும்.

வட்டம் வெட்டும் கத்தி ஜனவரியிலிருந்து காணவில்லை. எடுத்துப் போனவர் உறையில் போட்டு என் மேஜையில் வைத்தால் போதும், பெயர் எழுத வேண்டாம். ரசீதுப் புத்தகம் டிபன் மேஜைக்கு முன்னால் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்