எட்டுப் பேருக்கு மட்டும்

காவேரிப்பட்டணம்,
தை 8.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலன்று போனில் பேசும்போது, வருகிற ஆகஸ்டு மாதத்துக்கும் அங்கே அமெரிக்காவில் தாஹோ ஏரிக்கரையில் அதே கூடார முகாமில் இடம் பிடிக்கப் போவதாகவும், ஆறு மாதம் முன்னதாகவே பதிவு திறந்துவிடும் என்பதால் எங்கள் இருவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அப்பாவுக்குப் போன வருடக் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நீ அவளிடம் சொன்னாயாம். கோபம் ஆறி மாதக்கணக்காகிறது, கண்ணு. போனில் சொல்ல வராத ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. எழுதினால் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த முகாமுக்குள் நுழைந்தபோதே எனக்கு மனம் ஒப்பவில்லை என்பது உனக்குத் தெரியும். காசு கட்டி, தத்கால் டிக்கெட்டுக்கு உட்காருவதைப் போலக் காலை 8 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து இடம் பிடித்து, நான்கு மணி நேரத்துக்கும் மேல் வண்டி ஓட்டி வந்த பிறகு, வாசலில் இருந்த சாவடியில் ஒரு தாளை நீட்டி, செய்யக்கூடாதவற்றை எல்லாம் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது. ஓர் இடத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்கக்கூடாது. நண்பகல் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். சத்தம் கூடாது என்பதன் பொருள் மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எனக்கு விளங்கியது. நான் வழக்கம்போல் எழுந்து, வாய் கொப்பளித்துக் காறி, கைபேசியில் பக்திப் பாட்டு வைத்த அரை நிமிடத்தில் நீ செருப்பும் போடாமல் ஓடி வந்தாயே, உன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கரடிப் பெட்டிக்கு அம்மா இன்றைக்கும் சிரிக்கிறாள். அரிசி, பருப்பு, ஊறுகாய் மட்டும் அல்லாமல் தேங்காய் எண்ணெய், பற்பசை, சோப்பு, முகப் பவுடர் என்று வாசனை உள்ள எல்லாவற்றையும் அந்தப் பழுப்பு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கரடியின் நகம் நுழையாத தாழ்ப்பாளைப் போட வேண்டும் என்றபோது, பவுடரைத் தின்கிற கரடியும் உண்டா என்று கேட்டாள். ஆனால் அந்த விதியில் எனக்கு ஆட்சேபணை எழவில்லை. மனிதர்களின் தின்பண்டத்தை ஒருமுறை ருசி பார்த்த கரடி அதையே தேடித் திரும்பத் திரும்ப வந்து, வண்டிக் கதவையும் வீட்டுக் கதவையும் உடைக்கப் பழகி, முடிவில் அதைக் கொல்லும்படி ஆகிவிடுகிறது என்று அங்கே சொன்னார்கள். நம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ராகிக் கதிர் முற்றுகிற மாதங்களில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கி வருவதையும், பரண் கட்டி விடிய விடிய தகரம் தட்டிக் கொண்டு காவல் இருப்பவர்களையும் பார்த்தவனுக்கு, அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மால் ராகி வயலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாது என்பதுதான் வித்தியாசம்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது பாத்திரத்தால். குடிநீர்க் குழாயடியில் சாம்பார்ச் சட்டியைக் கழுவக்கூடாது, கழுவிய நீரை மண்ணிலும் ஊற்றக்கூடாது, அதற்கென்று உள்ள தொட்டியில்தான் ஊற்ற வேண்டும் என்று அந்த முகாம் பொறுப்பாளர் வந்து சொன்னபோது, "நம்ம ஊர் ஏரியில லாரியையே இறக்கிக் கழுவறாங்க" என்று அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். அவருக்குப் புரியாதது நல்லதாகப் போயிற்று. அன்று மாலை ரேஞ்சர் அம்மாள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசியதை மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்கி, அது எத்தனையாவது அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று 1968 முதல் விடாமல் குறித்து வருகிறார்களாம். அந்த நாளில் 100 அடி தாண்டிய பிறகே மறைந்த தட்டு, இப்போது 60, 70 அடியிலேயே மறைந்து போகிறதாம். கரையிலிருந்து நீர் அடித்துக்கொண்டு வரும் நுண்ணிய மண்ணும், வளர்கிற பாசியுமே அதற்குக் காரணமாம். நான் பணியில் இருந்த காலமெல்லாம் தினம் காலையில் ஏரி மதகின் அளவுகோலைப் பார்த்து, எத்தனை அடி தண்ணீர் என்று பதிவேட்டில் எழுதியவன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேனே தவிர, எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும் என்பது எனக்கோ எனக்கு மேலே இருந்தவர்களுக்கோ ஒரு நாளும் தோன்றவில்லை. நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அப்படி 31 அணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தாஹோவின் 1,645 அடி ஆழம் நிரம்பாது. அவ்வளவு தண்ணீருக்கு ஒரு சாம்பார்ச் சட்டி என்ன செய்துவிடும் என்று அம்மா கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தத் தட்டுக் கணக்கைக் கேட்ட பிறகு நான் அவள் பக்கம் சேர்ந்து பேசவில்லை.

படகுகளைச் சோதித்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றதை நீ கவனித்திருப்பாய். வேறு ஏரியில் ஓடிய மோட்டார் படகு சோதனை முடியாமல் இந்த ஏரியில் இறங்க முடியாது; 2008 முதல் அந்தச் சட்டம் இருக்கிறதாம். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் சிப்பி இனம் ஒன்று ஓர் ஏரியில் புகுந்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது என்றார்கள். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டு அலுத்த கை என்னுடையது. பூ அழகாக இருக்கிறது என்று தென்னமெரிக்காவிலிருந்து எவரோ கொண்டுவந்த செடி, நம் ஏரிகளில் எத்தனையைப் பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது! வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து படகைப் புரட்டிப் பார்ப்பதன் அருமை, வாரிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இனி சுள்ளி விஷயம். முதல் நாள் மாலை, அடுப்பு மூட்டுவதற்குப் பைன் மரங்களின் அடியில் உதிர்ந்து கிடந்த காய்ந்த குச்சிகளைப் பேரனும் நானும் ஒரு கை அளவு பொறுக்கினோம். அதற்குள் அந்தப் பொறுப்பாளர் வந்து, கீழே கிடக்கும் கட்டை குச்சி எதையும் எடுக்கக்கூடாது, அவை அங்கேயே மக்கி மண்ணாக வேண்டும், விறகு வேண்டுமானால் கட்டாக விலைக்குத் தருகிறோம் என்றார். குரலை உயர்த்தாமல், சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் நான் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். உன் ஆயா காட்டில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து எங்களுக்குச் சோறாக்கியவர். ஒரு நாள் வனக் கார்டு வழிமறித்துச் சுமையை இறக்கி வைக்கச் சொல்லி, கயிற்றையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பினான். பின்னாலேயே நடந்து வந்த எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அதே வாரம் அதே வழியில் ஒரு பெரிய வீட்டு வண்டி நிறைய மரம் இறங்கியதையும் பார்த்தேன். அதனால் சுள்ளியைத் தொடாதே என்று யார் சொன்னாலும் எனக்கு ஆயாவின் கயிறுதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் இரவு 8 மணிக்கு வேறொன்றைப் பார்த்தேன். நம் எதிரில், வீடு மாதிரி ஒரு பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்களே, அவர்களுடைய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதே பொறுப்பாளர் கைவிளக்கோடு போய், ஜெனரேட்டர் ஓட்டும் நேரம் முடிந்துவிட்டது என்று அதே சிரிப்போடு சொன்னார். ஜெனரேட்டர் நின்றது. அந்த வண்டிக்காரர் யாருக்கும் போன் போடவில்லை. நான் யார் தெரியுமா என்று கேட்கவில்லை. பொறுப்பாளரும் என்னைப்போல ஓய்வு பெற்ற கிழவர்தான், சம்பளம் இல்லாமல், தங்க இடம் கிடைக்கிறது என்பதற்காக மனைவியோடு வந்து அந்த வேலையைப் பார்க்கிறார் என்று மாப்பிள்ளை சொன்னார். மறுநாள் தணலில் அவர் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் வெறுங்கையை வைத்துச் சூடு பார்த்ததையும் உட்கார்ந்து கவனித்தேன். 2007இல் அனுமதி இல்லாத இடத்தில் யாரோ மூட்டிய முகாம் நெருப்பு பரவி, அந்த ஏரிப் பக்கத்தில் 254 வீடுகள் எரிந்து போயினவாம்.

இரண்டாம் நாள் இரவுக்கு வருகிறேன். சாக்ரமெண்டோவில் இருந்து மாப்பிள்ளையின் நண்பர் குடும்பத்தோடு வந்தார். பாலக்கோட்டுக்காரர் என்றதும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல ஆகிவிட்டது. இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள், காலையில் போகலாம் என்று அவரிடம் சொன்னவன் நான்தான். நாம் ஆறு பேர், அவர்கள் நால்வர். நீ என்னைத் தனியே கூப்பிட்டு, பத்துப் பேர் தங்க முடியாது அப்பா என்றாய். பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பார்களா, இருட்டில் யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று கேட்டேன். நீ அதற்கு மேல் என்னிடம் வாதாடாமல் நேரே அவர்களிடம் போய், மன்னிப்புக் கேட்டு, பத்து மணிக்கு முன்பாக வண்டி ஏற்றி அனுப்பிவிட்டாய். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதை. தூங்கி விழுகிற பிள்ளைகள். நம் வீட்டில் கை நனைத்தவர்கள். "உனக்கு இந்த நாட்டுச் சட்டம்தான் பெரிசாப் போச்சு" என்று நான் சொன்ன சொல்லையும், ஊர் திரும்பும் வரை உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததையும் நீ மறந்திருக்க மாட்டாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு உன் மேலிருந்த கோபம் மட்டும் காரணமல்ல. உன்னிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்த வருடம். மழை பொய்த்து, நான் பார்த்துக்கொண்டிருந்த ஏரியில் அரைத் தண்ணீர் கூட இல்லை. இருக்கிற நீரைக் கணக்குப் போட்டு, மதகை ஒட்டிய தலைமடைக்கு மூன்று நாள், வாய்க்கால் கோடியில் உள்ள கடைமடைக்கு நான்கு நாள் என்று முறை வைத்து, அந்தத் தாளை நானே கையால் எழுதி ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டினேன். கடைமடையின் முறை தொடங்கிய அன்று இரவு, தலைமடையில் நிலம் வைத்திருந்த நம் பங்காளி ஒருவர், உனக்குப் பெரியப்பா முறை, ஒரு தார் வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். தண்ணீரைப் பற்றி நேராக ஒன்றும் கேட்கவில்லை; பயிர் வாடுகிறது என்று மட்டும் சொன்னார். நானும் நேராக ஒன்றும் சொல்லவில்லை. மதகு ஷட்டர் சாவியை வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டாமல், திண்ணையில் அவர் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். விடியும்போது சாவி திண்ணையிலேயே இருந்தது. அப்படி இரண்டு இரவுகள்.

கடைமடையில் ஒரு விதவைக்கு முக்கால் ஏக்கர் நெல், பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அறுவடைக்குப் பிறகு அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாள். திட்டவில்லை, அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி பதரை நம் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். நீ திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். அந்தம்மா ஏன்பா உமியைக் கொட்டிட்டுப் போறாங்க என்று கேட்டாய். கோழிக்குப் போட்டுவிட்டுப் போகிறாள் என்று சொன்னேன். நம் வீட்டில் அப்போது கோழி கிடையாது.

அந்த முகாமில், பாலக்கோட்டுக்காரரின் வண்டி விளக்கு வளைவில் மறையும் வரை நீ கைகட்டி நின்றுகொண்டிருந்தாய். உனக்கும் அது வலித்தது என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. எனக்கு அந்த வாசலும், பதரும்தான் கண் முன்னால் வந்தன. அதை உன்னிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் ஊர் வரும் வரை கோபக்காரனாகவே இருந்துவிட்டேன். சுள்ளி விஷயத்தில் என் எண்ணம் இன்னும் மாறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கைப்பிடிக் குச்சிக்கு இடம் தராத விதி கொஞ்சம் அதிகம்தான்.

பதிவு திறக்கிற அன்று எங்கள் இருவரையும் சேர்த்தே எழுது. பாலக்கோட்டுக்காரரையும் அதே எட்டு மணிக்கு உட்கார்ந்து பக்கத்து இடத்தைப் பிடிக்கச் சொல்; அவரிடம் நானே போனில் பேசுகிறேன், எண்ணை அனுப்பு. குளிக்கிற இடத்தில் போடுகிற அந்தச் சின்னக் காசுகளைப் போன முறை மிச்சம் வைத்து அம்மா டப்பாவில் கொண்டுவந்திருக்கிறாள், மறக்காமல் எடுத்து வருகிறோம். சீயக்காய்ப் பொடியையும் கரடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமா என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.