வீட்டுக்குள் வளரும் நாய்க்கும் தடுப்பூசி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வன்னியில் அண்மைக் காலமாக வீட்டுக்குள்ளேயே வைத்துச் சீராட்டி வளர்க்கப்படும் சாதி நாய்கள் பெருகி வருகின்றன. பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியோரம் எழுந்துள்ள புதிய வீடுகளின் விறாந்தைகளில் பொமரேனியனையோ லப்ரடோரையோ காண்பது இப்போது புதுமையில்லை. அவற்றை வளர்ப்போர் காட்டும் அன்பு, நாயின் உடம்புக்கு ஏற்றதாகவும் அயலவர்க்குப் பாதுகாப்பானதாகவும் அமைய வேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வலியுறுத்த விரும்புகின்றேன்.

கிளிநொச்சி நகரையொட்டி வசிக்கும் என் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில் ரொமி என்றொரு பொமரேனியன் இருக்கின்றது. காலையில் அது கண்விழிப்பது அவளுடைய கட்டிலில். எழும்பியதும் பால்தேநீரில் நனைத்த பிஸ்கற் கிடைக்கும். வெயில் ஏறிய பின்னர் முற்றத்தில் இறக்கிவிடுவார்கள். மணல் கால் சுடுகின்றதென்று உடனேயே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். மதியம், வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கோழிக்கறிக் குழம்பில் குழைத்த சோறு. பின்னேரம் கனடாவிலுள்ள மகள் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்க வருவாள் என்பதற்காக அதற்குச் சட்டை போட்டு, பவுடர் பூசி, கதிரையில் இருத்துவார்கள். மகள் அனுப்பிய பொதியிலிருந்து ஒரு துண்டு சொக்லேற் அதன் வாய்க்குள் போகும். இரவு மின்விசிறிக்குக் கீழே மறுபடியும் கட்டில்.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, வளர்த்த நாய்களைப் படலையடியில் விட்டுவிட்டு நடந்த மக்கள் நாங்கள். பிள்ளைகள் கடல்கடந்து போய்விட்ட வீடுகளில் வாசலுக்கு ஓடிவந்து வரவேற்க ஒரு சீவன் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எங்களை விட நன்றாக அறிந்தவர் யார்? அந்த ஆறுதலைத் தரும் சீவன் நோயின்றி நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதே என் கரிசனை.

வன்னியின் கோடை குளிர்நாட்டு நாய்களுக்குக் கொடியது. மனிதனைப் போல நாய்க்கு உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிதளவு வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணிக்கின்றது. ஆகவே வியர்வையை உலர்த்தி எமக்குக் குளிர்ச்சி தரும் மின்விசிறி அதற்கு அந்த அளவுக்குப் பயன்படாது. நிழலும், அடிக்கடி மாற்றிய குடிநீரும், ஈரத்துணியால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துவிடுவதுமே கைகொடுக்கும். இரண்டு அடுக்கு மயிருள்ள பொமரேனியனுக்குச் சட்டை போடுவது அதை வேகவைப்பதற்குச் சமம். நடக்கவிடுவதென்றால் சூரியன் ஏறுவதற்கு முன்னர் நடத்துங்கள். தார்வீதியில் எங்கள் புறங்கையைச் சற்று நேரம் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே பொறுக்காது.

உணவிலும் கண்டிப்பு வேண்டும். சொக்லேற்றிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். கறுப்புச் சொக்லேற் இன்னும் மோசமானது. வெங்காயமும் உள்ளியும் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்பும் உறைப்பும் இல்லாமல் அவித்த இறைச்சியோடு சோறு கொடுத்தால் அது விரும்பி உண்ணும். வேகவைத்த கோழி எலும்பை மட்டும் கொடுக்கக் கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

கடந்த கோடையில் ரொமி சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு கிடந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு முற்றாக வெளுத்திருந்தது. முன்னங்கால் விரலிடுக்கை விரித்தபோது, இரத்தம் குடித்து ஊதிய பயறளவு உண்ணிகள் தோலோடு ஒட்டிக்கிடந்தன. பவுடர் பூசிய கைகள் ஒருநாளும் அந்த இடுக்கைத் தடவிப் பார்த்ததில்லை. கால்நடை வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்து, உண்ணிக் காய்ச்சல் எனக் கண்டு மருந்து கொடுத்தபடியால் அது பிழைத்தது. காதின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்ப்பதற்குப் பணமும் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை.

அன்று வைத்தியர் தடுப்பூசி அட்டையைக் கேட்டபோது காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "வெளியில போகாத நாய்க்கு விசர்நாய் ஊசி எதுக்கு?" என்று தங்கை கேட்டாள். நான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான், ஏனெனில் அதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கின்றேன். எங்கள் வளவுகள் பல காட்டோரத்தில் இருப்பவை. தெருநாய் மட்டுமல்லாது பூனையும் கீரியும் நரியும் விசர்நாய் நோயை (ரேபிஸ்) கொண்டுவரக்கூடும். அவை வேலியைத் தாண்டி வருவதற்கு எவரும் படலை திறந்துவிட வேண்டியதில்லை. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மனிதரையும் காப்பாற்ற முடிவது மிக அரிது. மடியில் வைத்துக் கொஞ்சும் நாயே வீட்டுக் குழந்தையின் கன்னத்தை நக்கும் நாய் என்பதால், அதற்குத்தான் ஊசி முதலில் போடப்பட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் அப்புவதும் மந்திரித்துப் பார்வை பார்ப்பதும் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நாய்களை உள்ளூராட்சி மன்றங்களில் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உண்டு. ஆயினும் பதிவுத் துண்டு வைத்திருக்கும் வீடொன்றை எங்கள் ஒழுங்கையில் நான் காணவில்லை. பிரதேச சபைகள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். பதிவு செய்ய வரும்போதே ஊசியும் போடப்பட்டால் சனம் இரு தடவை அலையவேண்டியதில்லை.

ஊசி போடும் நடமாடும் சேவை எந்தக் கிராமத்துக்கு எப்போது வருகின்றதென்ற செய்தி, துணுக்காய், ஒட்டுசுட்டான், விசுவமடு போன்ற இடங்களின் உட்கிராமங்களுக்குப் பெரும்பாலும் அது வந்து போன பின்னரே எட்டுகின்றது. சுகாதாரத் துறையினரும் கால்நடை வைத்தியர் பணிமனைகளும் அத்திகதிகளை ஒரு வாரம் முன்னதாகவே கிராம அலுவலர், ஆலயங்கள், பாடசாலைகள் ஊடாக அறிவிக்க வேண்டும். தாங்களும் அவற்றைப் பெற்று, மாவட்டச் செய்திப் பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.