பட்டியலாக்க வகுப்பில் நம் ஊர் வெளியீடுகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூலகவியல் வகுப்புகளில் பட்டியலாக்கம், அதாவது நூல்களைத் தேடியெடுக்க உதவும் பதிவுகளை எழுதுவது, கற்பிக்கப்படும் முறை பற்றி எழுதுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் பட்டியல் அட்டைதான் பாடம். தலைப்புப் பக்கத்தைப் பார்த்து முதற்பதிவு எழுதுவோம். பிறகு நூற்பெயருக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஓர் அட்டை. ஒரு நிறுத்தக்குறி பிசகினாலும் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். அந்தச் சிரமம் இன்றைய மாணவருக்குத் தேவையில்லை. நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டு விற்றுவந்த ஓ.சி.எல்.சி. என்ற அமெரிக்க நூலகக் கூட்டு நிறுவனமே 2015இல் அதை நிறுத்திவிட்டது.

இப்போது நூற்பதிவைக் கணினியில் எழுதும் மார்க் படிவமும், நூலகங்களுக்கான கோஹா மென்பொருளும் பாடமாகிவிட்டன. ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் இலக்கத்தைக் கொடுத்தால், பிற நூலகம் செய்துவைத்த பதிவு வந்து இறங்கும். நல்ல வசதிதான். பயிற்சியும் அத்தோடு முடிந்துவிடுவதுதான் என் கவலை.

ஒருவர் இறந்தபின் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லை, பதிப்பகம் இல்லை, சிலவற்றில் ஆண்டும் இல்லை. மேலட்டையில் பெரிதாக இருப்பது அமரரின் பெயர். அவரையே நூலாசிரியராகப் பதிந்திருப்பதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். அவர் நூலின் பொருள், வெளியிட்டவர்கள் குடும்பத்தார். உள்ளே தேவாரங்களுக்குப் பின்னால் வம்சாவளி இருக்கும், சிலவற்றில் ஊர்க் கோயிலின் வரலாறும் இருக்கும். ஊர்ப் பெயரின் கீழும் அது அகப்பட வேண்டாமா? இறக்கிக்கொள்ள ஆயத்தப் பதிவு பெரும்பாலும் கிடைக்காது. புத்தகத்தைப் புரட்டி யோசித்தால்தான் உண்டு.

பெயர்களிலும் இதே குழப்பம். குடும்பப் பெயர் இல்லாத தமிழரை இயற்பெயரின் கீழ் பதியுமாறு 1978இல் வந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளே சொல்லியிருந்தன. இன்றோ ஒரே எழுத்தாளர் ஒரு பதிவில் தம் பெயரிலும் இன்னொன்றில் தகப்பன் பெயரிலும் கிடக்கிறார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர் இது. மிஞ்சியிருக்கும் சிறு வெளியீடுகள் பலவற்றுக்கு இன்னொரு பிரதி கிடைப்பது அரிது. பிழையாகப் பதிந்தால் தட்டில் இருந்தும் தேடுபவருக்கு இல்லாததுதான்.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மென்பொருளைத் தொடுமுன் மாணவர்கள் கல்வெட்டு, கோயில் மலர், பாடசாலை மலர் என்பவற்றைக் கையில் வைத்துத் தாமே பதிவு எழுதட்டும். செய்முறைத் தேர்விலும் அப்படி ஒன்றையாவது கட்டாயமாக்குங்கள்.

ஓய்வுநிலை நூலகர்,
கொக்குவில்.