முத்துக்குளிப்பவரின் கணக்குப் புத்தகம்

நாகர்கோவில்

அன்புள்ள மகள் மலருக்கு,

போன வெள்ளிக்கிழமை பேசும்போது, "இது வரியே இல்லாத நாடுப்பா, 2019ல வாட் வந்த பிறகுதான் இவங்களுக்கு வரின்னா என்னன்னே தெரியும்" என்றாய். ஃபோனில் உன்னோடு வாதாட மனசு வரவில்லை. ஆனால் இரவெல்லாம் அதே நினைப்பு. நீ இப்போது இருக்கிற பஹ்ரைனில், அதன் தலைநகர் மனாமாவில், 19 வருஷம் கணக்கெழுதிவிட்டு வந்தவன் நான். அந்த மண்ணில் வரி எத்தனை பேரை அழவைத்தது என்பதை உனக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதனால்தான் இந்தக் கடிதம்.

எண்ணெய்க்கு முந்தைய பஹ்ரைனுக்குப் பேரீச்சந்தோப்பு, முத்து, துறைமுகம், இந்த மூன்றும்தான் சோறு. தோப்பில் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் பஹார்னா என்கிற ஷியா மக்கள். அவர்கள் தலையில் 'ரகபிய்யா' என்று ஒரு வரி. ரகபா என்றால் கழுத்து. கழுத்து என்று ஒன்று இருப்பதற்காகக் கட்டிய வரி அது. சுன்னி குலத்தார் அதைக் கட்டவேண்டியதில்லை. இதோடு 'சுக்ரா' வேறு. நாட்டை ஆண்ட ஷேக்கின் வீட்டு ஆள் வந்து, கழுதையையும் அதை ஓட்டுகிறவனையும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போவான், கூலி கிடையாது. மலர், நம் பக்கத்தில் திருவிதாங்கூர் காலத்தில் இதற்கு 'ஊழியம்' என்று பேர். தலைவரியும் ஊழியமும் நம் முன்னோர் பட்ட பாடு. அதனால் அங்கே அந்த இரண்டு அரபுச் சொற்களை முதன்முதலில் கேட்டபோது எனக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

சுங்கமும் அப்படித்தான். துறைமுக வசூலை வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி, இந்திய பனியா வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஷேக்குக்கே சரியான கணக்கு கிடையாது. அதைச் சீர்படுத்தச் சொல்லி ஆங்கிலேயர்கள் பல வருஷம் நெருக்கினார்கள். 1869 முதல் ஆண்டுவந்த ஷேக் ஈசா பின் அலி கடைசிவரை இணங்கவில்லை.

1921இல் மேஜர் டேலி அரசியல் ஏஜென்டாக, அதாவது ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக வந்தார். 1923 மே மாதம் ஒரு மஜ்லிஸை, அதாவது சபையைக் கூட்டி, இனி ஆட்சி நடத்தப்போவது ஈசாவின் மகன் ஹமத் என்று ஆங்கிலேயர்கள் அறிவித்தார்கள். ஈசா சம்மதிக்கவே இல்லை. 1932இல் கண்மூடும் வரை மக்களில் பலருக்கு அவர்தான் ஷேக். ஹமத் கைக்கு ஆட்சி போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரகபிய்யா போனது. சுங்கத்துக்கு டி கிரெனியே என்பவரை இயக்குநராக வைத்தார்கள். இந்தியாவிலிருந்து சர்வேயர்கள் வந்து தோப்புகளை அளந்தார்கள். ஆட்சிக் குடும்பத்தார் ஊரில் நேரே வசூலிப்பது போய், கஜானாவிலிருந்து மாதப்படி வாங்கும் நிலை வந்தது. 1926இல் சார்லஸ் பெல்கிரேவ் ஆலோசகராக வந்து சேர்ந்தார், லண்டன் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டு! 1957 வரை அவர் கை படாத கோப்பு அங்கே இல்லை. நீ தினமும் தாண்டிப்போகிறாயே பாபுல் பஹ்ரைன், அந்தக் கட்டடத்தை வடிவமைத்ததும் அவரே. அதன் வாசலுக்கே கடல் வந்து நின்ற காலம் ஒன்று உண்டு.

இப்போது நான் பார்த்த ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1987 என்று ஞாபகம். முஹரக்கில் ஒரு சாயாக்கடையில் பழக்கமான பெரியவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து அவருடைய அப்பாவின் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலம்தான். அட்டை உப்பேறி மொரமொரவென்று இருந்தது. அவர் அப்பா முத்துக்குளித்தவர். சீசனுக்கு முன்னால் நகுதாவிடம், அதாவது படகுத் தலைவனிடம் முன்பணம், சீசன் முடிந்ததும் கழிவு, மிச்சக் கடன். கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நகுதா எழுதியதுதான் கணக்கு. கடலில் இறங்கியவனுக்குப் படிக்கத் தெரியாது. 1924 சீர்திருத்தத்தில்தான் ஒவ்வொருவன் கையிலும் அவனவன் புத்தகம் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. பெரியவர் ஒரு வரிமேல் விரலை வைத்து, "ரூபியா" என்று வாசித்தார். நம் ரூபாய்தான். 1965இல் தினார் வரும்வரை அங்கே ரூபாயில்தான் எல்லாம் நடந்தது. அந்தப் பக்கத்தைத் தடவும்போது அவர் கை நடுங்கியது. கணக்கெழுதுவதை வெறும் பிழைப்பு என்று எண்ணியிருந்த நான், அன்று முதல் அப்படி எண்ணியதில்லை.

ஆனால் அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். முத்து விலை விழுந்த வருஷங்களில் முன்பணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கடன் பெருகாதிருக்க அது நல்லதுதான். வீட்டில் அரிசி இல்லாதவனுக்கு எப்படி இருக்கும்? 1932இல் முத்துக்குளிப்பவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. 1923 அக்டோபரில் சிலர் கூடி, ஷேக்குக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபை வேண்டும், ஏஜென்ட் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேறு உள்நோக்கமும் இருந்தது. பழைய ஷேக்கே திரும்ப வரவேண்டும் என்றார்கள், பஹார்னாவின் வலி அவர்கள் மனுவில் பெரிதாக இல்லை. இருந்தாலும் கேட்டது சபை. அவர்களில் இரண்டு பேரை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். கழுத்துவரியை எடுத்த அதே கைதான் இதையும் செய்தது. டேலியை நல்லவன் என்று மட்டும் சொன்னாலும், கெட்டவன் என்று மட்டும் சொன்னாலும் என் மனசு ஒப்பாது. வரி நியாயமானது, உண்மை. அந்த வரிப்பணம் எங்கே போகவேண்டும் என்று கேட்கும் வாயை அடைத்ததும் உண்மை. 1932இல் எண்ணெய் கிடைத்த பிறகு அந்தக் கேள்வி இன்னும் பின்னால் போய்விட்டது. மக்களிடம் வாங்காமலே கஜானா நிறைந்தது. வாங்காதவன் எதற்குக் கணக்குக் காட்டவேண்டும்?

இப்போது எண்ணெய்ப் பணம் போதவில்லை. 5 சதவீத வாட் 2022இல் 10 ஆனது. நீ தாக்கல் செய்கிற ஒவ்வொரு படிவத்திலும் அந்தப் பழைய கேள்வி திரும்ப வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

லீவு நாளில் முஹரக் போ. ஷேக் ஈசா பின் அலி வீடு பார்க்கத் திறந்திருக்கும். காற்றுக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார், வெயில் தெரியாது. பக்கத்துச் சந்தில்தான் பெரியவர் வீடு. அவர் இல்லை, பேரப்பிள்ளைகள் இருக்கலாம். நீல மரக்கதவு. புத்தகம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லு.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா